ஒரு புறநகர் மாநகராட்சியிடம் நான் பெற்ற சேவை: வரி கட்டும் ஒருத்தியின் மதிப்புரை

வாங்கிய மிக்ஸி சரியில்லை என்றால் அடுத்த முறை வேறு கம்பெனியின் மிக்ஸியை வாங்கிக்கொள்ளலாம். குப்பை அள்ளுவது, குடிநீர் விடுவது, தெருவிளக்கு எரிய வைப்பது, பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்வது ஆகிய வேலைகளைச் செய்யும் உள்ளாட்சி நிர்வாகத்தை அப்படி மாற்றிக்கொள்ள எவராலும் முடியாது. எதிர்க்கடை என்று ஒன்று இல்லாத சேவை என்பதால், அதைப் பற்றி எழுதும் மதிப்புரைக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. சென்னையை ஒட்டிய புறநகர் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குடியிருக்கிறேன். ஊர் நகராட்சியாக இருந்தபோது வரிசையில் நின்று வாங்கிய வரி ரசீதுகளும், மாநகராட்சியான பிறகு கைப்பேசியில் இறக்கி அச்செடுத்த ரசீதுகளும் எங்கள் வீட்டில் ஒரே கோப்பில் இருக்கின்றன. அண்மை ஆண்டுகளில் இறப்புச் சான்றிதழ், சொத்து வரி பெயர் மாற்றம், பாதாள சாக்கடைப் புகார், வார்டின் ஒரு பகுதி வாக்காளர்கள் கூடும் பகுதி சபைக் கூட்டம் என்று இந்த நிர்வாகத்தின் பல வாசல்களை ஏறி இறங்கியிருக்கிறேன். எந்தத் தனி மனிதரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் எண்ணம் எனக்கு இல்லை என்பதால் ஊரின் பெயரையும் அலுவலர்களின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் வாங்கும் இடத்தில் இந்தச் சேவை நன்றாக இருக்கிறது. தெருவில் இறங்கிக் கையால் வேலை செய்யும் இடத்தில் மிக நன்றாக இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில், ஒரு வேலை முடிந்ததா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில்தான் அது தவறுகிறது. ஏனென்றால் அந்த இடத்தில் மனு கொடுத்தவரை யாரும் கேட்பதில்லை.

புறநகர் மாநகராட்சி என்பது எப்படிப்பட்ட அமைப்பு என்பது தெரிந்தால்தான் அதை நியாயமாக எடைபோட முடியும். சென்னை மாநகராட்சி 1688-ஆம் ஆண்டிலிருந்து இருந்து வருகிறது. அதன் விளிம்பில் இருக்கும் ஆவடி மாநகராட்சியானது 2019-இல்தான். தாம்பரம் 2021 நவம்பரில் உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாகச் சேர்த்து 70 வார்டுகளாக வகுத்தார்கள். பத்து அலுவலகங்களின் பதிவேடுகளும் பத்து விதமான வரிவிதிப்பு எண்களும் ஒரே நாளில் ஒரு குடையின் கீழ் வந்தால் என்ன குழப்பம் நேரும் என்பதை, பாகப்பிரிவினை ஆன குடும்பத்தை மறுபடி ஒரே அடுப்பில் சேர்த்துப் பார்த்தவர்கள் அறிவார்கள். இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19-ஆம் நாள்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளுக்கு மேலான காலத்தில் தனி அலுவலர்களே ஊரை நடத்தினார்கள். புறநகரில் அடுக்குமாடிகள் எழுந்த வேகம் உச்சத்தில் இருந்த அந்த ஆண்டுகளில், தெருவில் நிற்கவைத்துக் கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூட எங்களுக்கு இல்லை. இன்றைய வார்டு எல்லைகளும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படையில் வரையப்பட்டவை. அந்தக் கணக்கெடுப்பின்போது வயலும் முள்காடுமாக இருந்த இடத்தில் இப்போது எங்கள் வார்டின் மிகப் பெரிய குடியிருப்பு நிற்கிறது. கணக்கில் அது இன்னும் முள்காடுதான்.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு சொத்து வரியிலிருந்து தொடங்குகிறேன். வரி கட்டும் வசதியில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றோர் அரையாண்டு. ஒவ்வோர் அரையாண்டின் முதல் மாதத்திலேயே கட்டிவிட்டால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை கழிகிறது. இதற்கு 5,000 ரூபாய் உச்சவரம்பு. காலம் தாழ்த்தினால் மாதத்துக்கு 1 விழுக்காடு வட்டி ஏறும். இந்த விவரத்தை எங்கள் தெருவில் பாதிப் பேர் அறியாமல் ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தள்ளுபடி போனதோடு வட்டியும் சேர்ந்தது. வரிவிதிப்பு எண்ணைத் தட்டச்சு செய்தால் நிலுவை தெரிகிறது, யு.பி.ஐ. வழியாகப் பணம் போகிறது, ரசீது அடுத்த நிமிடமே வருகிறது. நகராட்சிக் காலத்தில் இதற்கு அரை நாள் விடுப்புப் போட வேண்டியிருந்தது.

2022 ஏப்ரலில் வரி உயர்ந்தபோது கோபப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. 600 சதுர அடிக்குள் இருக்கும் வீடுகளுக்கு 25 விழுக்காடு, 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு என்று உயர்த்தினார்கள். எங்கள் வீடு 900 சதுர அடி. ஒரே தவணையில் பாதிக்குப் பாதி ஏறியது எங்களைப் போன்ற ஓய்வூதியக் குடும்பத்துக்குச் சுமைதான். ஆனாலும் நெடுங்காலம் சீராய்வே இல்லாமல் இருந்துவிட்டு ஒரேயடியாக ஏற்றியதுதான் தவறு என்று எனக்குப் படுகிறதே தவிர, வரி உயரவே கூடாது என்று வாதிட எனக்கு மனம் வரவில்லை. உள்ளாட்சிக்குச் சொந்த வருமானம் என்று பெரிதாக இருப்பது சொத்து வரி ஒன்றே. அது காலியானால் தெருவிளக்குக்குக்கூடக் கோட்டையைப் பார்த்துக் கையேந்த வேண்டும். எனக்கிருக்கும் வருத்தம் வேறு. கேட்புச் சீட்டில் எவ்வளவு கட்ட வேண்டும் என்று இருக்கிறது. சென்ற ஆண்டு எங்கள் வார்டில் வசூலான தொகை எவ்வளவு, அதில் எங்கள் வார்டுக்குத் திரும்பி வந்தது எவ்வளவு என்று இல்லை. அந்த இரண்டு எண்களையும் ரசீதின் அடியில் அச்சிட்டால் ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவாகாது.

அடுத்தது சான்றிதழ்களும் பெயர் மாற்றமும். என் தந்தை வீட்டிலேயே காலமானார். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை, தாமதமானால் கட்டணம் உண்டு, ஓராண்டு கடந்துவிட்டால் நடுவரின் ஆணையே தேவைப்படும் என்பதை எங்கள் பகுதி சுகாதார ஆய்வாளர் முதல் நாளே பொறுமையாக விளக்கினார். மருத்துவர் அளித்த இறப்புச் சான்று, தந்தையின் ஆதார், மயான ரசீது ஆகியவற்றை என் தம்பி கொண்டுபோய்க் கொடுத்தான். பதினோராம் நாள், கியூ.ஆர். குறியீடு பதித்த சான்றிதழை வீட்டிலிருந்தே இறக்கிக்கொண்டோம். துக்க வீட்டிலிருந்து வருபவர்களை நிற்க வைக்கக் கூடாது என்ற எண்ணம் அந்தப் பிரிவில் இருந்த எல்லோரிடமும் தெரிந்தது. நகராட்சிக் காலத்தில் என் பாட்டியின் சான்றிதழுக்காக நடையாய் நடந்த நினைவு இருப்பதால் இந்த மாற்றத்தின் அருமை எனக்கு நன்றாகவே தெரியும்.

அதே கட்டடத்தின் அடுத்த அறையில் நிலைமை வேறாக இருந்தது. வீட்டின் சொத்து வரியைத் தந்தையின் பெயரிலிருந்து தாயாரின் பெயருக்கு மாற்ற வேண்டும். முதல் முறை போனபோது, இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கொண்டுவரச் சொன்னார்கள். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் தெருவில் பலரும் இதில்தான் தடுமாறுகிறார்கள். வாரிசுச் சான்றிதழை மாநகராட்சி தருவதில்லை; அது வருவாய்த்துறையின் வேலை, வட்டாட்சியர் கையெழுத்திடுவது. பட்டாவும் அப்படியே. மாநகராட்சி தருவது பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களும் வரி தொடர்பான ஆவணங்களும் கட்டட அனுமதியும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலரின் விசாரணை முடிந்து, வாரிசுச் சான்றிதழ் வர ஒன்றரை மாதம் ஆனது. அதை எடுத்துக்கொண்டு இரண்டாம் முறை போனபோது வில்லங்கச் சான்றிதழ் கேட்டார்கள். மூன்றாம் முறை போனபோது, என் தம்பிக்கும் எனக்கும் ஆட்சேபணை இல்லை என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி வேண்டும் என்றார்கள். கேட்ட ஒவ்வொன்றும் நியாயமானதே; பொய்யான வாரிசுகளிடமிருந்து எங்களைக் காக்கத்தான் அவை இருக்கின்றன. முதல் நாளே எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா எழுபத்தி நாலு வயசு அம்மாவை மூணு தடவை ஆட்டோவில கூட்டிட்டு வந்திருக்க மாட்டேனே சார்" என்று கேட்டேன். "லிஸ்ட் போர்டுல போட்டிருக்கும்மா" என்று அவர் கைகாட்டிய இடத்தில், இரும்பு அலமாரிக்குப் பின்னால் மக்கள் சாசனப் பலகையின் மேல் விளிம்பு மட்டும் தெரிந்தது. அலமாரியில் பழைய நகராட்சியின் வரிப் பதிவேடுகள் கட்டுக் கட்டாக இருந்தன. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் மேசையில் இரண்டு ஊழியர்களின் வேலை கிடந்தது, நடுவில் மூன்று முறை தொலைபேசி வந்தது, வாசலில் இருபது பேர் நின்றார்கள். பெயர் மாற்றம் முடிய மொத்தம் ஐந்து மாதம் ஆனது. யாரும் லஞ்சம் கேட்கவில்லை என்பதையும், இடைத்தரகர் இருவர் வாசலிலேயே எங்களை அணுகினார்கள் என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறேன். பட்டியல் அலமாரிக்குப் பின்னால் இருக்கும்வரை அந்த இருவருக்கும் பிழைப்பு ஓடும். மத்தியப் பிரதேசம் 2010-ஆம் ஆண்டிலேயே இத்தனை நாளில் இந்தச் சேவை என்று சட்டம் போட்டு, தாமதத்துக்கு அபராதமும் வைத்தது. கர்நாடகத்தில் சகாலா என்ற பெயரில் அத்தகைய ஏற்பாடு நடக்கிறது. எங்கள் கவுன்ட்டரில் நாள் கணக்கு எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

இனி, இந்த மதிப்புரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். 2023 அக்டோபரில் எங்கள் தெருமுனையில் பாதாள சாக்கடையின் மூடி உடைந்தது. தண்ணீர் லாரியின் பின்சக்கரம் ஏறியதில் கான்கிரீட் மூடியில் கால்வாசி பெயர்ந்து உள்ளே விழுந்துவிட்டது. எஞ்சியதில் கம்பி நீட்டிக்கொண்டு நின்றது. அன்று மாலையே எதிர்வீட்டு அண்ணன் வேப்பங்கிளை ஒன்றை ஒடித்து அந்தப் பள்ளத்தில் நட்டு, நுனியில் சிவப்பு நிற அரிசிப் பை ஒன்றைக் கட்டிவிட்டார். நான் மாநகராட்சியின் இணையத்தளத்தில் ஒளிப்படத்துடன் புகார் பதிவு செய்தேன். புகார் எண் உடனே வந்தது. நான்காம் நாள் காலை பால் வாங்கப் போனவள், அந்தக் கிளையின் அருகில் நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்தது: தங்கள் புகார் நிவர்த்தி செய்யப்பட்டது. வேப்பிலை வாடிச் சுருண்டிருந்தது. மூடி அப்படியே இருந்தது.

இரண்டாவது புகார் பதிவு செய்தேன். அதுவும் ஆறு நாளில் நிவர்த்தி ஆனது. முதல்வரின் உதவி மையமான 1100-ஐ அழைத்தேன். அந்த மனு சுற்றிச் சுற்றி அதே வார்டு அலுவலகத்துக்கு வந்து, அங்கே ஏற்கெனவே முடிந்துவிட்ட புகார் என்ற குறிப்போடு முடிந்தது. நவம்பர் மழையில் தெரு முழுவதும் நீர் நின்று பள்ளம் எது தரை எது என்று தெரியாமல் போன ஒரு விடியற்காலையில், பால் போடும் தம்பியின் டி.வி.எஸ். வண்டியின் முன்சக்கரம் உள்ளே இறங்கியது. முழங்கையில் தோல் உரிந்ததோடு தப்பினான். அவனுடைய பால் பாக்கெட்டுகள் சாக்கடை நீரில் மிதந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அடுத்த மாதம் மிக்ஜாம் புயல் மழை வந்தது. அந்த இரண்டு நாட்கள் தெருமக்கள் முறைவைத்து, கையில் டார்ச்சோடு அந்த இடத்தில் நின்றோம்.

2024 ஜனவரியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு போட்டேன். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, ஒரு பக்கத்தில் மூன்றே கேள்விகள் கேட்டேன்: இந்த இரு புகார் எண்களுக்கும் செய்யப்பட்ட பணி என்ன, எந்த நாளில் செய்யப்பட்டது, பணி முடிந்ததாகச் சான்றளித்தவரின் பதவி என்ன. சட்டம் தரும் 30 நாள் கெடுவுக்குள், 27-ஆம் நாளில் பதில் வந்தது. அந்த அளவில் பொதுத் தகவல் அலுவலரின் நேர்மையைப் பாராட்டுகிறேன். ஒப்பந்ததாரர் பணி முடித்ததாகத் தெரிவித்ததன் பேரில் புகார் முடிக்கப்பட்டது என்று எழுதியிருந்தார்கள். ஆதாரமாக இணைத்திருந்த ஒளிப்படத்தில் புத்தம்புது மூடி ஒன்று இருந்தது. அதன் பின்னணியில் நீல நிறச் சுற்றுச்சுவரும் அரச மரமும் தெரிந்தன. எங்கள் தெருவில் அரச மரம் கிடையாது.

பதிலைக் கையில் வைத்துக்கொண்டு விசாரித்தபோதுதான் இதன் இயக்கம் எனக்குப் புரிந்தது. வாராந்திர ஆய்வுக் கூட்டத்தில் எத்தனை புகார் நிலுவை என்றுதான் கேட்கிறார்கள். நிலுவை அதிகமானால் உதவிப் பொறியாளர் தலைகுனிய வேண்டும். வேலையை முடித்தோ, முடித்ததாகக் குறித்தோ அந்த எண்ணைக் குறைக்கலாம். கணினித் திரையில் இரண்டும் ஒரே பச்சை நிறம்தான். புகார் கொடுத்தவர் ஆம் என்று சொன்னால்தான் முடியும் என்ற ஒரே ஒரு படி அந்த மென்பொருளில் இல்லை. சமையல் எரிவாயு சிலிண்டருக்கு நம் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைச் சொன்னால்தான் டெலிவரி முடிந்ததாகக் கணக்காகிறது. சாக்கடை மூடிக்கு அதே முறையை வைப்பதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை.

இப்போது மகிழ்ச்சியோடு எழுதக்கூடிய பகுதி. எங்கள் தெருவுக்குக் குப்பை எடுக்க வரும் அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காலை ஆறரைக்குப் பேட்டரி வண்டியின் மணிச் சத்தம் கேட்கும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், ஈரக் கழிவு, உலர் கழிவு, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்று கூறின. இதை எங்கள் தெருவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது எந்தச் சுற்றறிக்கையும் இல்லை, இந்த அக்காதான். முதல் மாதம் முழுவதும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, பச்சைத் தொட்டியில் கிடந்த பால் கவரைக் குனிந்து எடுத்துக் காட்டி, "இது அந்த டப்பாவுல போடணும்மா, இதோட போட்டா எருவுல சேராது" என்று சொன்னார். ஒருவரையும் அவர் கடிந்துகொண்டதில்லை. உடைந்த கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே பேனாவால் எழுதித் தரும்படி அவர் கேட்டுக்கொண்ட நாளில்தான், அவர் உள்ளங்கையில் இருந்த தழும்பை நான் பார்த்தேன். அன்றுமுதல் எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் தவறியதில்லை. கையுறை கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டேன். கொடுத்தது கிழிந்துவிட்டது, அடுத்தது வரவில்லை என்றார். ஒப்பந்த நிறுவனத்தின் கீழ் தினக்கூலியில் வேலை செய்பவர் அவர். மிக்ஜாம் மழைநீர் வடிந்த அடுத்த நாள், தன் வீட்டுக்குள் புகுந்த நீரை இறைத்துவிட்டு, எட்டு மணிக்கு எங்கள் தெருவில் நின்றார். இந்த மாநகராட்சியின் சேவையிலேயே மிகச் சிறந்தது எது என்று யாராவது என்னைக் கேட்டால், நிரந்தரப் பணியாளர் என்ற தகுதிகூடத் தரப்படாத இவருடைய உழைப்பைத்தான் காட்டுவேன். அவருக்குத் தரமான கையுறை தடையில்லாமல் கிடைக்கும் ஏற்பாட்டைச் செய்துவிட்டு மற்ற விருதுகளையும் சான்றுகளையும் பற்றி மாநகராட்சி பேசலாம்.

கொசு ஒழிப்புப் பணியாளர்களும் மாதம் இருமுறை வந்து கீழ்நிலைத் தொட்டியைத் திறந்து பார்த்து மருந்து ஊற்றிப் போகிறார்கள். தெருவிளக்குப் புகார்கள் பெரும்பாலும் இரண்டு நாளில் சரியாகின்றன. குடிநீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. கோடையில் மூன்று நாளுக்கு ஒருமுறை.

மழைநீர் வடிகாலைப் பற்றி மாநகராட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. புறநகரின் நீர் எந்த வார்டு எல்லையையும் மதித்து ஓடுவதில்லை. தென்புறநகரில் செம்பாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிப் போகிறது. மேற்குத் தாம்பரம் பக்கத்து நீர் அடையாற்றில் கலக்கிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. மக்கள் பேச்சில் அவை தாம்பரம்தான். நிர்வாகக் கணக்கில் அவை அன்று தனி ஊராட்சிகள். ஒரே தெருவின் இடப்பக்கம் மாநகராட்சியாகவும் வலப்பக்கம் ஊராட்சியாகவும் இருக்கும் இடங்கள் புறநகரில் ஏராளம். இடப்பக்கத்து வடிகால் எல்லைக்கல்லோடு நின்றுவிடும். பெருஞ்சாலை நெடுஞ்சாலைத்துறையுடையது, ஏரி நீர்வளத்துறையுடையது, மின்கம்பம் மின்வாரியத்தினுடையது, தெருவிளக்கு மட்டும் மாநகராட்சியுடையது. நம் வாசலில் நிற்கும் முழங்கால் தண்ணீருக்குள் நான்கு துறைகள் சேர்ந்து நிற்கின்றன. 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தபோது நகரமைப்பு, குடிநீர், துப்புரவு உள்ளிட்ட 18 பணிகளை நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு உரியனவாகப் பட்டியலிட்டது. பட்டியலில் வந்தது அதிகாரமாகக் கைக்கு வரவில்லை. மன்றத்துக்குத் தலைமை தாங்குபவர் மேயர் என்றாலும், கோப்பில் கையெழுத்திட்டு வேலையை நடத்தும் அதிகாரம் மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடம் இருக்கிறது. மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் பெறும் எங்கள் கவுன்சிலர் அம்மா, வடிகாலுக்காக மூன்று துறைகளின் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, கவலைதான் வருகிறது.

சாக்கடை மூடிக் கதையின் முடிவு பகுதி சபையில் கிடைத்தது. கிராமங்களில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நகரங்களுக்கு அப்படி எதுவும் நெடுங்காலம் இல்லாமல் இருந்து, 2022 நவம்பர் 1-ஆம் நாள் உள்ளாட்சி தினத்தன்று தமிழ்நாட்டில் பகுதி சபைகள் கூடத் தொடங்கின, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அன்று பம்மலில் நடந்த கூட்டத்தில் கலந்துகொண்டார். ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லோரும் உறுப்பினர்கள் என்ற ஏற்பாடு இது. எங்கள் பகுதியின் கூட்டம் 2024-இன் தொடக்கத்தில், நடுநிலைப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு அறையில் நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் உள்ள பகுதியில் முப்பத்தைந்து பேர் வந்திருந்தோம். அறிவிப்பு முந்தின நாள் மாலை வாட்ஸ்அப் குழுவில் மட்டும் வந்தது. பெரியவர்களும் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்தபோது, தகவல் சட்டப் பதிலையும் அதிலிருந்த ஒளிப்படத்தையும், உடைந்த மூடியின் ஒளிப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அறையில் சற்று நேரம் பேச்சில்லை. உதவிப் பொறியாளர் இரண்டையும் வாங்கிப் பார்த்தார்; எழுந்து நின்று, "தப்பு நடந்திருக்கும்மா, நானே வந்து பாக்குறேன்" என்றார். அந்த வார்த்தையை அவர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார் என்பதை நான் மதிக்கிறேன். ஒன்பதாம் நாள் வார்ப்பு இரும்பு மூடி வந்தது. ஐந்து மாதமாகக் கணினியும் உதவி மையமும் செய்யாததை ஒரு வகுப்பறைக் கூட்டம் ஒன்பது நாளில் செய்தது.

அதற்குப் பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டம் எப்போது என்று நானே வார்டு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டு, தேதியை ரேஷன் கடைச் சுவரிலும் பிள்ளையார் கோயில் வாசலிலும் எழுதி ஒட்டுகிறேன். நடந்த கூட்டங்களின் தீர்மானங்கள் மன்றத்துக்குப் போயினவா, அவற்றின் கதி என்ன என்பது எங்களுக்கு எழுத்தில் வருவதில்லை. இந்தச் சேவையில் எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் உறுப்பும் இதுதான், நிர்வாகம் மிகவும் குறைவாகக் கவனிக்கும் உறுப்பும் இதுதான்.

கட்டட அனுமதியை நான் நேரில் அனுபவித்ததில்லை. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு, அலுவலகத்துக்கு அலையாமல் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. பக்கத்துத் தெருவில் வீடு கட்டும் இளம் தம்பதியர் அதில் திருப்தியாக இருக்கிறார்கள். இவ்வளவு நம்பிக்கையைக் கட்டுபவர் மேல் வைக்கும் அரசு, புகார் கொடுப்பவர் மேலும் வைக்கலாம்.

ஐந்தில் எத்தனை என்று கேட்பவர்களுக்காக: வரி வசூலுக்கும் இறப்புப் பதிவுக்கும் நான்கு, பெயர் மாற்றத்துக்கு இரண்டு, புகார் தீர்வுக்கு ஒன்று, தூய்மைப் பணிக்கு ஐந்து. புகார் எண் ஓ.டி.பி. இல்லாமல் முடியக் கூடாது என்ற கோரிக்கையை எங்கள் தெருவில் 62 பேர் கையெழுத்திட்டு அடுத்த பகுதி சபைக்கு எடுத்துச் செல்கிறோம். கையுறைக் கோரிக்கையும் அதே மனுவின் இரண்டாவது பத்தியில் இருக்கிறது.